மலைநாட்டின் நான்கு வாயில்கள்

மலைநாடு என்பது சேர நாட்டிற்கு நம் முன்னோர் வழங்கிய பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான், சேரமான் பெருமாள் வரலாற்றைத் தொடங்குமிடத்து அப்பெயரையே ஆள்கின்றார். வைணவ அன்பர்கள் நூற்றெட்டுத் திருப்பதிகளை எண்ணும்போது, மலைநாட்டுத் திருப்பதிகள் 13 என்று தனியே வகுத்துக் கூறுவர். நாம் உழைத்து உண்டு, மக்களைப் பெற்று வளர்க்கும் இந்த எர்ணாகுளமும் மட்டாஞ்சேரியும் அம்மலைநாட்டின் பகுதிகளே. ஆயினும், நம் காலனிக் குடும்பங்களுள் மலைநாட்டைச் சுற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்?

விடுமுறை வந்தால் நாம் செய்வது ஒன்றே. பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் புறப்படுகின்றோம். என்போன்ற ரயில்வே ஊழியர்களுக்குக் கிடைக்கும் பாஸும் அதற்கே செலவாகிவிடுகின்றது. பெற்றோரையும் குலதெய்வத்தையும் காணச் செல்வது வேண்டத்தக்கதே. ஆனால் காலம் மாறி வருகின்றது. ஊரிலிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராய் மறைய, வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகுகின்றன. இங்கே பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள், அங்கே சென்றால் 'கேரளத்துப் பிள்ளைகள்'. இங்கே இருந்தால் 'தமிழர் வீட்டுப் பிள்ளைகள்'. ஈரிடத்தும் விருந்தாளியாகவே வளரும் ஒரு பிள்ளை, "அப்பா, நமக்கு எது ஊர்?" என்று கேட்டால் நாம் என்ன விடை கூறப்போகின்றோம்? வாயால் கூறும் விடை அதற்குப் போதாது. ஒரு விடுமுறையையாவது அதற்கென ஒதுக்கி, கண்ணாரக் காட்டுதல் வேண்டும்.

மலைநாடு ஒன்றைக் காணப் புறப்படுவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, அதன் கணவாய்களை. மலை மதிலென்றால் கணவாய் அதன் வாயில். பழம்பெரும் நகரங்கள் அவ்வாயில்களைச் சார்ந்தே வளர்ந்தன. சுவிட்ஸர்லாந்தில் கோத்தார்டு கணவாய் வழியே நடந்த வாணிகம் லூசர்ன் நகரை வளர்த்தது. 1882-இல் அக்கணவாயின் அடியிலேயே குகை குடைந்து ரயில் விட்டனர். நேபாளத்துக் காட்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்னும் மூன்று நகரங்களும் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே நடந்த வாணிகத்தால் செழித்தவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இவ்விதி பொருந்தும். தமிழகத்திலிருந்து மலைநாட்டிற்குள் நுழையும் வாயில்கள் பலவற்றுள் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதல் வாயில்: பாலக்காடு

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு மலை விலகி வழி விட்டிருக்கின்றது. இதுவே பாலக்காட்டுக் கணவாய். சங்க காலத்தில் மேலைக் கடற்கரையினின்றும் கொங்கு நாட்டிற்குச் சென்ற பெருவழி இதுவே. நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் மணிகளும் இரும்புப் பொருள்களும் செய்த தொழிற்கூடங்களை அகழ்ந்து கண்டனர். கோவை வட்டாரத்தில் உரோம நாணயங்கள் புதையலாகக் கிடைத்துள்ளன. அவ்வழியின் மேற்கு முனையில் இருந்த நகரமே முசிறி.

யவனர் பொன்னைக் கொடுத்து மிளகு வாங்கிச் சென்ற செய்தியை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றிற் பாடியுள்ளார். அது புலவர் புனைந்துரை அன்று என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. வியன்னா நகரில் பாதுகாக்கப்படும் இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில், முசிறி வாணிகத்திற்கான கடன் உடன்படிக்கையும், ஹெர்மாபோலோன் என்னும் கப்பலில் ஏற்றிய சரக்கின் மதிப்பும் காணப்படுகின்றன. யானைத் தந்தம் உள்ளிட்ட அச்சரக்கிற்கு உரோம அரசு வாங்கிய சுங்கம் நான்கில் ஒரு பங்கு! ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எவனோ ஒரு குமாஸ்தா எழுதிய கணக்கு அது. நாள்தோறும் பேரேட்டில் கணக்கு எழுதுகின்ற எனக்கு அவன்மீது தனியொரு பற்று உண்டாவது இயல்பே.

வட பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சி மன்றத்தார் நடத்திய அகழாய்வில் மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளின் ஓடுகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் வெளிப்பட்டன. முசிறியின் ஒரு பகுதி இதுவே என்பது அகழ்ந்தோர் கருத்து. அங்கிருந்து சிறிது தொலைவில் திருவஞ்சைக்களம். மலைநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற ஒரே சிவத்தலம் இது. சுந்தரர் வெள்ளானை மீதும், சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை சென்றது இங்கிருந்தே என்பது புராணம். குலசேகர ஆழ்வார் பிறந்ததும் இத்தலமே என்பர். கொடுங்கல்லூர்ப் பகவதியைக் கண்ணகியோடு இணைத்துக் கூறும் வழக்கும் உண்டு. எர்ணாகுளத்தினின்றும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலையில் கட்டுச்சோறு எடுத்துப் புறப்பட்டால் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பலாம்.

இதே கணவாய் வழியேதான் 1862-இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் ஓடியது. ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்திற்கு 1902-இல் பாதை வந்தது. அதற்கெனக் கொச்சி மன்னர் திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பொருள் திரட்டினார் என்பர். நம்மிற் பலர் இவ்வூர் வந்து சேர்ந்தது அந்தப் பாதையிலேதான் அன்றோ?

இரண்டாம் வாயில்: போடியும் குமுளியும்

தேனிப் பக்கத்து வாயிலுக்கு இரு கதவுகள். ஒன்று போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு ஏறும் வழி. மூணாற்றில் 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி அமைத்தனர். 1908-இல் அது இரண்டடி அகல ரயிலாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் டாப் ஸ்டேஷன் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி மலையடிவாரம் இறங்கி, போடி வழியே தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் அடியோடு அழிந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் டாப் ஸ்டேஷன் செல்கின்றனர்; ஸ்டேஷன் எங்கே என்று கேட்போர் சிலரே.

அங்குள்ள பச்சைக் கம்பளத்தை விரித்தவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குக் கூறுதல் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து, லயன் வீடுகளில் உறங்கிய 70 பேரைக் கொண்டு சென்றது. படம் எடுக்கும் கைகள் அங்கே ஒரு நொடி குவியட்டும். ஆடி ஆவணி மழையில் மலை ஏறலாகாது என்பதற்கும் அதுவே எச்சரிக்கை. சித்திரை வைகாசியிலும், மார்கழி தை மாதங்களிலும் செல்லலாம். குறிஞ்சி பூப்பது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2018-இல் பூத்தது, இனி 2030. அதற்கு இப்போதே மாதந்தோறும் சிறு தொகை சேர்த்து வைப்பது இல்லத்தரசிகளின் சாமர்த்தியம்.

மற்றொரு கதவு குமுளி. அதன் மேலுள்ள மங்கலதேவிக் கோட்டம் கண்ணகிக்கு உரியது. சித்திரா பௌர்ணமி ஒரு நாள் மட்டுமே மக்களை அனுமதிக்கின்றனர். அன்று கம்பம் பக்கத்தினின்றும் குமுளிப் பக்கத்தினின்றும் ஈரரசு அதிகாரிகளின் ஏற்பாட்டில் மக்கள் திரள்கின்றனர். மதுரையை எரித்தவள் மலையேறி வந்த கதையைச் சேர நாட்டு இளவரசர் இளங்கோ அடிகளே காப்பியமாக்கினார். பாண்டி நாட்டின் துயரம் சேர நாட்டில் கோயிலாயிற்று.

மூன்றாம் வாயில்: ஆரியங்காவு

கொல்லத்திலிருந்து புனலூர் வழியே செங்கோட்டை செல்லும் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. 2010-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்று, அகலப் பாதையாகி, 2018-இல் மீண்டும் முழுமையாய் ஓடத் தொடங்கியது. தென்மலையருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தைச் சன்னலோரம் அமர்ந்து காண்பது சிறுவர்க்கும் முதியோர்க்கும் ஒருங்கே இன்பம். ஆரியங்காவு ஐயன் கோயிலின் திருக்கல்யாணத்தில் மதுரைச் சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராய் வந்து சீர் செய்வர். மலைக்கு அப்பால் பகவதிபுரம், செங்கோட்டை. நிலையப் பலகையில் தமிழ் எழுத்து தோன்றும் அவ்விடத்தில் பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டிலே எத்தனை முறை கேட்டும் வாராத எழுத்து, ஓடும் வண்டியில் வந்துவிடும்!

நான்காம் வாயில்: ஆரல்வாய்மொழி

மலைத்தொடரின் தென்கோடி வாயில் இது. இதனைக் காத்து நின்ற வேணாட்டரசர்களின் தலைநகரம் பத்மநாபபுரம். 1741-இல் குளச்சற் போரில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மரின் நகரம் அது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், மரத்தாலேயே எழும்பிய அந்த அரண்மனை நிற்கின்றது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறவற்க. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறியபோது கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. ஆனால் அரண்மனை மட்டும் இன்றும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. மலைநாட்டுத் திருப்பதிகளுள் திருவட்டாறும் திருவண்பரிசாரமும் இப்போது தமிழ்நாட்டில் உள்ளன. எல்லைக்கோடு நேற்று வந்தது. வழியோ அதற்கு நெடுங்காலம் முந்தியது.

வீட்டு வாசலில் தொடங்குக

பொருள் வசதி இல்லாதோர் மனம் தளர வேண்டா. நம்மாழ்வார் பாடிய திருக்காட்கரை, நாம் திருக்காக்கரை என்று வழங்கும் ஊரே. திருமூழிக்களமும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. மட்டாஞ்சேரியிலோ, 1555 அளவிற் போர்த்துகேசியர் கட்டிக் கொடுத்து, 1663-க்குப் பின் டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை உள்ளது. அதன் சுவர்களில் இராமாயணம் முழுவதும் ஓவியமாய் விளங்குகின்றது. வெள்ளிக்கிழமை தவிர்த்துச் செல்க. அடுத்த தெருவில் 1568-இல் எழுந்த யூதர் ஆலயம். சனிக்கிழமை அங்கே பார்வையாளர்க்கு அனுமதி இல்லை. கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவி வர்மன் என்னும் சேர மன்னன் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு இம்மக்களுடையது. அதன் எழுத்து வட்டெழுத்து. பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணும் அதே எழுத்து. கோட்டைக் கொச்சியில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்டவர் என்பர். அவர்களிடமும் ஒரு நாழிகை அமர்ந்து பேசலாம். புத்தகத்தில் இல்லாத வரலாறு கிடைக்கும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனித்தல் தகும். அந்த யூதர் ஆலயத்திற்குப் பெயர் 'பரதேசி' ஆலயம். தமிழ்நாட்டில் அச்சொல் வசைச்சொல் ஆகிவிட்டது. கொச்சியிலோ, வேற்றூரினின்றும் வந்தவர் என்பதே அதன் பொருள். அப்பெயரோடு அவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இவ்வூராராகவே வாழ்ந்தனர்.

நான் கூறியவற்றால், மலைநாடு நம்முடையது என்று உரிமை பேச வருகின்றேன் எனக் கருதலாகாது. இந்நாடு இந்நாட்டு மக்களுடையது. அவர்கள் அன்பால் நாம் வாழ்கின்றோம். நம் பழம்பெரும் நூல்கள் சில இம்மண்ணில் பிறந்தன, நம் அடியார்கள் இங்கே நடந்தனர், அந்த வழிகள் இன்னும் திறந்தே உள்ளன என்பதே நம் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. வரும் ஓண விடுமுறையில் முதல் வாயிலோடு தொடங்கலாம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வண்டி அமர்த்திக்கொள்ளலாம், செலவும் குறையும். தாய்மார்கள் புளியோதரைக்கு உறுதி கூறினால், நாள் குறிக்கும் பொறுப்பை நம் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டுவருக. கண்டதைத் தமிழில் எழுதுக. அடுத்த ஆண்டு மலரில், என் கட்டுரைக்குப் பதிலாக அவர்கள் எழுதியதை நாம் படிப்போம்.