காத்தலும் ஊட்டலும்: வேடல் முதல் சீத்தா கேம்ப் வரை

நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். நயினார் வீட்டுப் பிள்ளை. பிழைப்பு மும்பையில் பாத்திர வியாபாரம். கல்வெட்டு படிக்கக் கல்லூரிக்குப் போனவனல்லன். கடை மூடியபின் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். பிழையிருப்பின் கற்றறிந்தோர் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் வேடல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கல்வெட்டில் விடால் என்று வரும். அங்கே ராஜகேசரிவர்மனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. இவன் முதலாம் ஆதித்த சோழன் எனக் கொண்டால் காலம் ஏறத்தாழ கி.பி. 885. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவியும், அவரிடம் பயின்ற 500 மாணாக்கியரும் அதில் பேசப்படுகிறார்கள். குரத்தி என்றால் பெண் ஆசிரியர். இவர்களுக்கும் தவம் மேற்கொண்ட வேறு 400 பேருக்கும் பிணக்கு உண்டாயிற்று. அந்நேரத்தில் ஊரிலிருந்த இல்லறத்தார் முன்வந்து, குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் தாங்களே காத்து உணவளிப்பதாக ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சோறு மட்டும் போடுவோம் என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. காப்போம் என்றும் சொன்னார்கள். அதையும் வாய்ப்பேச்சாக விடாமல் கல்லில் வெட்டி வைத்தார்கள். சமண மரபில் தானம் நான்கு: உணவு, மருந்து, அடைக்கலம், கல்வி. நான்கில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கெடுத்தால் அது தானமாகாது என்பது அடியேன் கருத்து. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1980களில் ஒருநாள், என் கடைக்கு மூட்டை சுமந்த தமிழர் ஒருவர் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கொடுத்தேன். "கடனை அடைக்கப் பையன் வேலைக்கு வரட்டுமா, ஐயா?" என்று அவர் மனைவி கேட்டார். சரி என்றேன். பையன் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். தராசைப் பிடித்த அன்றே அவன் பள்ளிக்கூடம் போச்சு. சாயங்காலத்தில் சேர்க்கை மாறியது; கள்ளச்சாராயம் கடத்துகிறவர்களுக்கு எடுபிடியானான். பிறகு கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். பணம் பாக்கி நின்றதே என்றுதான் அன்றைக்கு நான் வருந்தினேன்! மருந்துக்குக் கொடுத்தேன், கல்வியைப் பறித்தேன். அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

அதே மும்பையில், கையில் காசில்லாதவர்கள் வேறு விதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். கோலார் தங்கவயலில் 1947இல் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம், இளவயதில் தச்சு வேலைக்காக இந்நகருக்கு வந்து, தலைக்குக் கூரையின்றித் தெருவில் படுத்தவர். மான்குர்த் ஜனதா காலனியில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுக்குழு நடத்தினார். பள்ளிக்கூடம்போல் ஒன்றையும் தொடங்கினார். காலனியில் குப்பை அள்ள ஆள் வராததால், பிள்ளைகள் ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைக் கட்டி எடுத்துப்போய் மாநகராட்சி அலுவலக வாசலில் போட்டார்கள். வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் சும்மா திரிந்த பிள்ளைக்கு, தன்னாலும் தன் தெருவுக்கு ஒன்று ஆகும் என்று அன்று தெரிந்தது.

1976இல் நெருக்கடி நிலையின்போது ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் டிராம்பே பக்கமுள்ள சீத்தா கேம்புக்கு மாற்றப்பட்டார்கள். வீடு போனாலும் கூட்டு போகவில்லை. ஜோக்கின் அமைத்த தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்போடு, 1984இல் தொடங்கிய 'ஸ்பார்க்' நிறுவனமும், 1986இல் பைகுலா நடைபாதைப் பெண்களால் உருவான 'மகிளா மிலன்' அமைப்பும் கைகோத்தன. அப்பெண்கள் வீடு வீடாகப் போய், முடிந்த சில்லறையைச் சேமிப்பாக வாங்கினார்கள். நோயோ பட்டினியோ வந்த வீட்டுக்கு அதிலிருந்தே கடன் கொடுத்தார்கள். தினமும் வாசலில் நிற்கிறவளுக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியாமல் போகுமா? ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018இல் மறைந்தார்.

வேடல் ஊராரையும் பைகுலாப் பெண்களையும் பிரிப்பது ஆயிரத்து நூறு ஆண்டுகள். இரண்டு இடத்திலும் உதவி தூரத்திலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் பொறுப்பென்று எடுத்துக்கொண்டார். என்னைப்போலக் கடன் கொடுத்த கையே பிள்ளையை வேலைக்கு இழுக்கவுமில்லை.

ஆண்டுவிழாவில் நோட்டுப் புத்தகம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்ல காரியம்தான். அதோடு ஒன்று செய்யலாம். நலிந்த குடும்பத்துக்கு நம்மில் யார் பணம் கொடுத்தாலும், அந்த வீட்டுப் பிள்ளையின் உழைப்பால் அதை வசூலிப்பதில்லை என்று சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளையின் வீட்டுக்கு, அந்தக் கட்டடத்திலோ சந்திலோ குடியிருக்கும் உறுப்பினர் ஒருவர் போய் விசாரிப்பதை அவர் பொறுப்பாக்குவோம். வேடல்காரர்கள் கல்லில் எழுதினார்கள். நமக்குக் காகிதம் போதும். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.