இரண்டு மில்லி மஞ்சள் எண்ணெய் பிறந்த கதை

குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கும் பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு கோடு இருக்கும். கோடு வரை ஊற்றினால் ஒரு மில்லி, நிறைய ஊற்றினால் இரண்டு. ஒன்பது மாதக் குழந்தை தட்டம்மைத் தடுப்பூசிக்கு வரும்போது கோடு வரை கொடுப்பார்கள். அதன்பின் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கரண்டி நிறைய. மொத்தம் ஒன்பது தவணை. ஒரு மில்லியில் 1 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ இருக்கிறது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் பாட்டிலை நிழலில் வைத்திருப்பார்கள். திறந்த பாட்டிலை 8 வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இந்த மருந்து எதைத் தடுக்க வந்தது என்று இன்றைய இளம் பெற்றோர் பலருக்குத் தெரியாது. பொழுது சாய்ந்ததும் குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். தட்டில் சோறு எங்கே இருக்கிறது என்று கையால் துழாவும். அதுதான் மாலைக்கண். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் நிறமியை விழித்திரை வைட்டமின் ஏ-யைக் கொண்டுதான் செய்கிறது. சரக்கு தீர்ந்தால் முதலில் இருட்டுப் பார்வை போகும். அடுத்து வெள்ளை விழியில், காய்ந்த சோப்பு நுரை போல ஒரு திட்டு படியும். அதையும் கவனிக்காமல் விட்டு, குழந்தைக்குத் தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், சில நாட்களுக்குள் கருவிழி குழைந்து கரைந்துவிடும். போன கண் திரும்பாது.

மாலைக்கண்ணுக்கு ஈரல் நல்லது என்று பழைய எகிப்தியருக்கும் கிரேக்கருக்கும் தெரிந்திருந்தது. நம் ஊர்களிலும் ஆட்டீரல் கொடுப்பார்கள். ஈரலில் இருப்பது என்ன என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1913-இல் அமெரிக்காவில் மெக்காலம், மார்கரீட் டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் எலிகளை வைத்து அதைப் பிடித்தார்கள். பன்றிக் கொழுப்பிலோ ஆலிவ் எண்ணெயிலோ இல்லாத ஏதோ ஒன்று வெண்ணெயிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருந்தது. அது இல்லாமல் எலிக்குட்டிகள் வளரவில்லை.

இந்தக் கதையில் என்னை அதிகம் உலுக்கிய இடம் டென்மார்க். பாலும் வெண்ணெயும் கொழித்த நாடு அது. ஆனால் 1910-களில் அங்கே ஏழைக் குழந்தைகள் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள். பண்ணைப் பால் ஆலைக்குப் போகும். அங்கே கடைந்த வெண்ணெய் கப்பலேறி வெளிநாடு போகும். கொழுப்பு எடுத்த பால் வீட்டுக்குத் திரும்பி வரும். ஏழை வீட்டுப் பிள்ளை அதையும் மார்கரினையும் தின்று வளரும். கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கண்டு சொன்னார். மீன் ஈரல் எண்ணெயும் கொழுப்பு நீக்காத பாலும் கொடுத்து, கண் போகாமல் காப்பாற்றவும் செய்தார். முதல் உலகப் போரின்போது, 1917-இல் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலை மறித்தன. ஏற்றுமதி நின்று, வெண்ணெய் உள்ளூரிலேயே பங்கீட்டில் கிடைத்தது. கண்நோய் அநேகமாக மறைந்தே போனது. பங்கீடு முடிந்து வெண்ணெய் மறுபடி கப்பலேறியபோது நோயும் திரும்பி வந்தது.

நம் பக்கம் 1922-இல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையின் ஆர். இ. ரைட், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி கரைவது பற்றி பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம் இந்திய உணவைப் பற்றிய ஆராய்ச்சிக்கே தலைமையிடமாக வளர்ந்தது. அது 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அதை நடத்தியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன்.

வைட்டமின் ஏ-யை ஆலையில் செய்யும் வழி 1947-இல் கிடைத்துவிட்டது. மலிவாகக் கிடைத்தாலும் தினமும் ஒவ்வொரு குழந்தைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? பதில் குழந்தையின் உடம்பிலேயே இருந்தது. கொழுப்பில் கரையும் இந்தச் சத்தைக் கல்லீரல் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப அவிழ்த்துவிடும். அப்படியானால் ஆறு மாதத்துக்கானதை ஒரே வாயில் ஊற்றிவிடலாம். ஹைதராபாத் ஆய்வாளர்கள் இதைக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 1970-இல் இந்திய அரசு 2 லட்சம் யூனிட் தவணையைத் திட்டமாக்கியது. கரண்டி பிறந்தது அப்படித்தான்.

அதே காலத்தில் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி வேறு வழியில் போனார். கண் வறண்ட குழந்தையைத் தாயோடு ஒரு மையத்தில் தங்கவைத்து, அக்கம்பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் பண்டங்களைக் கொண்டே சமைக்கக் கற்றுக்கொடுத்தார். தாய் கைப்படச் சமைப்பாள், குழந்தை தேறும், ஊருக்குத் திரும்பியும் அதே சமையல் தொடரும் என்பது அவருடைய கணக்கு. எனக்கு இந்த வழிதான் பெரிதாகப் படுகிறது.

1986-இல் ஆல்பிரட் சோமர் என்ற கண் மருத்துவர் இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியிலிருந்து ஒரு செய்தி சொன்னார்: பெரிய தவணை கண்ணை மட்டும் காக்கவில்லை, குழந்தை இறப்பையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பலர் நம்பவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் குழுவும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் சோதித்தார்கள். தன்னார்வலர்கள் வாராவாரம் வீடு தேடிப் போய் மருந்தை வாயில் விட்டார்கள். 1990-இல் முடிவு வந்தது: வைட்டமின் பெற்ற குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைவு. இதில் நான் அடிக்கோடிட விரும்புவது தவணையின் அளவை. வாரம் 8,333 யூனிட், அவ்வளவே. ஒரு வாரச் சாப்பாட்டிலிருந்தே ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய அளவு அது. அதே ஆண்டு ஹைதராபாத் பக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய தவணை கொடுத்த ஆய்வில் இறப்பு குறையவில்லை. உத்தரப்பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்விலும் உறுதியான பலன் தெரியவில்லை.

கோபாலன் கடைசிக் காலத்தில், தன் நிறுவனத்தில் பிறந்த பெரிய தவணையை எல்லாக் குழந்தைக்கும் ஊற்றுவதை எதிர்த்து எழுதினார். பற்றாக்குறை கடுமையாக இருந்த நாளுக்கு வந்த இடைக்கால ஏற்பாடு நிரந்தரமாகிவிடக் கூடாது, கீரையும் பாலும் முட்டையும் தட்டுக்கு வர வேண்டும் என்பது அவர் வாதம். அவர் 2019-இல் நூறு வயதில் காலமானார். திட்டம் தொடர்கிறது. தொடரும்வரை தவணையைத் தவறவிடக் கூடாது. தட்டு நிறையாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி எல்லாவற்றிலும் இருப்பது கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும், ஆனால் உணவில் வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டினுக்கு ஒரு மைக்ரோகிராம்தான் தேறும். அதனால் கீரை என்றைக்கோ ஒருநாள் வந்தால் போதாது. தண்ணீரில் வேகவைத்ததோடு விடாமல் எண்ணெயோ நெய்யோ விட்டுச் சமைத்தால்தான் உடம்பில் சேரும். மருந்துக்கடையில் தாமாக வாங்கி வைட்டமின் ஏ மாத்திரை போடுவது வேறு விஷயம். சேமித்து வைக்கும் அதே கல்லீரல் மிகுதியையும் சேர்த்துவைக்கும். கர்ப்பிணிகளுக்கு அது வயிற்றுப் பிள்ளையையே பாதிக்கும். அந்தி வேளையில் குழந்தை தடுமாறினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.