அந்தத் தெனாரியம் நம் மண்ணில்

சீசருக்கு வரி செலுத்துவது முறையா என்று கேட்டுச் சிக்க வைக்க வந்தவர்களிடம் ஆண்டவர் முதலில் ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதில் உள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என வினவினார். அந்த உரையாடலின் விடையை நாம் மறப்பதில்லை. ஆனால் அந்த நாணயத்தைப் பற்றி நினைத்துப் பார்ப்பவர் சிலரே.

அது பேரரசன் திபேரியுவின் வெள்ளித் தெனாரியம் என்பது அறிஞர் பலரின் கருத்து. எடை நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அகலம் கட்டைவிரல் நக அளவு. முன்புறத்தில் இலைமுடி சூடிய தலை. அதைச் சுற்றி, ‘தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் திபேரியு சீசர் அகுஸ்து’ என்று பொருள்படும் இலத்தீன் எழுத்துகள். பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண். அருகே ‘தலைமைக் குரு’ என்னும் பட்டம். ஒரே இறைவனை வணங்கிய யூதரின் கையில் அச்சிறு காசு எவ்வளவு கனத்திருக்கும்!

அந்த வகைக் காசைக் காணப் பாலஸ்தீனம் வரை போக வேண்டுவதில்லை. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் கிடைத்த புதையலில் 522 வெள்ளிக் காசுகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகிய இருவருடையவை. பாலக்காட்டுக் கணவாய் வழியே சேரநாட்டுத் துறைமுகங்களையும் கொங்கு நாட்டையும் இணைத்த வணிகப் பாதையில் இத்தகைய புதையல்கள் பல கிட்டியுள்ளன. மிளகும் முத்தும் பச்சை மணிக்கல்லும் மேற்கே சென்றன. பொன்னும் வெள்ளியும் கிழக்கே வந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்சுகள் இந்தியாவுக்குப் போய்விடுகின்றன என்று பிளினி குறைப்பட்டுக்கொண்டார். இலங்கை மன்னன் ஒருவனைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். வெவ்வேறு தலைகள் பொறித்த தெனாரியங்கள் யாவும் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு, உரோமையரின் நேர்மையை அம்மன்னன் வியந்தானாம். அவன் மதித்தது தலையை அன்று, எடையை. நம் வணிகரும் அவ்வாறே இருந்தனர் போலும்: கி.பி. 64இல் நீரோ வெள்ளியின் தரத்தைக் குறைத்த பின் வெளிவந்த தெனாரியங்கள் இங்கே அரிதினும் அரிதாகவே கிடைக்கின்றன.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிப்பட்ட புதையல் இதைவிட வியப்புக்குரியது. அதில் 501 பொற்காசுகள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஆழமாக ஒரு வெட்டு! பொன்னின் தரத்தைச் சோதிக்க வெட்டினர் என்பர் சிலர். புழக்கத்திலிருந்து நீக்குவதற்காக என்பர் வேறு சிலர். சோதிப்பதே நோக்கமாயின் ஓரத்தில் கீறினால் போதுமே. எனவே இரண்டாம் கருத்தே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது: இனி இது சீசரின் காசு அன்று, எடைக்கு எடை பொன் மட்டுமே என்று காட்டும் வெட்டு அது. எருசலேமில் யாருடையது என்று கேட்கப்பட்ட அந்த உருவத்துக்குப் புதுக்கோட்டையில் உரிமை ஏதும் இல்லாமற்போயிற்று.

கரியாலூர் மலையில் இருப்போருக்கு வெள்ளலூரும் புதுக்கோட்டையும் தொலைவானவையே. ஆயினும் மலையிறங்கி, கள்ளக்குறிச்சியைக் கடந்து வடகிழக்கே சென்றால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் இருக்கிறது. அது மலையமான்களின் ஊர். குதிரை பொறித்த அவர்களுடைய காசுகளும் நமக்குக் கிடைத்துள்ளன. உரோமையின் பிற்காலச் செப்புக் காசுகளும் அங்கே கிட்டின. கரூர், மதுரை, திருக்கோவிலூர் ஆகிய மூன்று ஊர்களின் செப்புக் காசுகளை ஆராய்ந்து, நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் நூலொன்று வெளியிட்டார். பொன்னையும் வெள்ளியையும் போலன்றி இவை தேய்ந்து கறுத்த சிறு துண்டுகள். உருக்கினாலும் பெரும்பயன் இராது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இத்தகைய காசுகளுள் சில வகைகளில் சிலுவை பொறிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும், அக்காலத்திலேயே இங்கே திருச்சபை இருந்தது என்று முடிவு கட்ட நம்மவர் சிலர் விரைகின்றனர். அது பொருந்தாது. காசு வணிகரோடு வந்தது. அதை வைத்திருந்தவரின் சமயத்தை அது சொல்வதில்லை. நம் தொன்மையை நிறுவ விரும்பினால் அதற்குரிய சான்றையே தேட வேண்டும்.

உழும்போதோ கிணறு வெட்டும்போதோ இத்தகைய காசு அகப்பட்டால் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து அழிந்துவிடும். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பானையில், வேறு எவற்றோடு கிடைத்தது என்பதை உடனே குறித்து வையுங்கள். காசைவிட அக்குறிப்பே ஆய்வாளருக்கு அரிது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இந்த நாட்டில் எத்தனை புதையல்கள் பொற்கொல்லரின் உலைக்குப் போயின என்று எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.