வாய்ப்பூட்டின் வரலாறு

மன்னராட்சி மாய்ந்தது, மக்களாட்சி மலர்ந்தது என்று மகிழ்கிறோம். ஆனால் மக்கள் ஏற்றிவைத்த பீடத்திலே அமர்ந்தவர், குறை கூறுபவனைக் கண்டதும் கதவைச் சாத்துகிறாரே, அந்தக் கதவு யாருடையது, தோழர்களே?

முகநூலும் ட்விட்டரும் தோன்றிய பின் பிறந்த வினா அன்று இது. அமெரிக்க நாட்டு ஏட்டைச் சற்றுப் புரட்டுவோம். குறை களையக் கோரி அரசிடம் விண்ணப்பிக்கும் உரிமை, பேச்சுரிமையோடு சேர்ந்து 1791-இலேயே அங்கே அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. ஏறி ஏழே ஆண்டுகளில், 1798-இல், ஆள்வோரைத் தூற்றி எழுதுவோரைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்சைக் கண்டித்து எழுதிய மாத்யூ லயன் என்னும் பிரதிநிதிக்கு நான்கு திங்கள் சிறை. சிறையில் கிடந்தவரையே மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர்!

அந்த ஆடம்சின் மகனே பின்னாளில் வாய்ப்பூட்டை உடைக்கக் கிளம்பினார் என்பது வரலாற்றின் வேடிக்கை. அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பங்கள் அந்நாளில் பிரதிநிதிகள் சபையிலே குவிந்தன. வாக்குரிமையற்ற பெண்கள் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். அவர்களுக்கு விண்ணப்பம்தானே வாய்! அடிமை உடைமையாளர் பொறுப்பரோ? 1836 மே திங்களில், அத்தகைய விண்ணப்பம் எதுவும் அச்சேறாது, குழுவுக்குப் போகாது, மேசைமீதே கிடக்கும் என விதி செய்தனர். வாய்ப்பூட்டு விதி என்றே அதனை அழைத்தனர்.

குடியரசுத் தலைவராக இருந்து, பின் அச்சபையில் உறுப்பினராக அமர்ந்திருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் விடவில்லை. 1837-இல், அடிமைகள் 22 பேர் அனுப்பியதாகத் தோன்றும் விண்ணப்பத்தை ஏற்கலாமா என்று சபைத் தலைவரை வினவினார். சபை கொதித்தது, அவரைக் கண்டிக்கத் தீர்மானம் பறந்தது. பிறகுதான் தெரிந்தது, அடிமை முறையை ஒழிக்க வேண்டாம் என்பதே அதிலிருந்த கோரிக்கை என்று! படியாமலே பதறிய பெருமக்கள், அடிமைகளுக்கு விண்ணப்ப உரிமையே இல்லை எனத் தீர்மானித்துத் தம் மானத்தைக் காத்துக்கொண்டனர். 1844 டிசம்பரில் அந்த விதி ஒழிந்தது.

இன்று அந்தப் பூட்டு விரல் நுனிக்கு வந்திருக்கிறது. ட்விட்டரில் தம்மைக் குறைகூறியோரைத் தடுத்தார் குடியரசுத் தலைவர் டிரம்ப். 2017-இல் எழுவர் வழக்காடினர்; 2018-இலும் மேல்முறையீட்டில் 2019-இலும் வென்றனர். அவர் பதவி இழந்தபின், 2021-இல், வழக்குக்கே பொருளில்லை என்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. அதற்குள் ட்விட்டர் நிறுவனம் டிரம்பையே தடுத்துவிட்டிருந்தது!

மிச்சிகனில் போர்ட் ஹியூரன் நகர நிர்வாகி, தம் முகநூல் பக்கத்தில் குடும்பப் படங்களையும் நகரச் செய்திகளையும் கலந்து வெளியிட்டவர். கொரோனாக் காலத்தில் குறைகூறிய குடிமகனைத் தடுத்தார். 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஒருமனதாக இரு அளவுகோல் தந்தது: அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு உண்டா? அந்தப் பதிவில் அவ்வதிகாரத்தைச் செலுத்துவதாகக் காட்டிக்கொண்டாரா? இரண்டும் ஆம் எனில்தான் அது அரசின் செயல்.

அதிகாரிக்கும் தனி வாழ்வு உண்டு, மறுக்கவில்லை நாம். எனினும், குழந்தையின் படத்துக்குப் பின்னே பதவியை ஒளித்துக்கொள்ளும் சூழ்ச்சிக்காரருக்கு இவ்வளவுகோல் இடந்தருகிறதே என்பதே நம் கவலை. ஒரு கருத்தை அழித்தால் அந்தப் பதிவை மட்டும் ஆராய்ந்தால் போதும், ஆளையே தடுத்தால் அவர் கருத்துரைக்க விழைந்த பதிவுகள் அனைத்தையும் ஆராயவேண்டும் என்று அந்நீதிமன்றம் எச்சரித்திருப்பது ஓரளவு ஆறுதல். நகர நிர்வாகியின் வழக்கோ, மீண்டும் கீழ்நீதிமன்றத்துக்கே அனுப்பப்பட்டது.