வெள்ளிக் கரண்டியும் வாய்மொழிச் சான்றும்

நூதனசாலையிற் கண்ணாடிப் பேழையினுள் இருக்கும் பொருள் தானே பேசுவதில்லை. அருகில் எழுதப்பெறும் குறிப்பும், அயலில் வைக்கப்பெறும் பொருள்களுமே அதனைப் பேசச் செய்கின்றன. ஆதலிற் காட்சியை ஒழுங்குசெய்பவரும் ஒருவகையிற் சரித்திராசிரியரே. பிராங்கிளின் பயணத்தின் எச்சங்கள் காட்சிப்படுத்தப்பட்ட வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சேர் ஜோன் பிராங்கிளின் பிரித்தானியக் கடற்படைத் தலைவர். 1805ஆம் ஆண்டுத் திரபல்கார்ப் போரிற் பங்குபற்றியவர். 1845இல் வடமேற்குக் கடல்வழியை நாடி அவர் கொண்டுசென்ற எரெபசு, தெரர் என்னும் இரு கப்பல்களும் குண்டெறிதற்கென உறுதியாகக் கட்டப்பட்ட போர்க்கப்பல்கள். 1814இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர்க் கோட்டையைத் தாக்கிய கப்பல்களுள் தெரரும் ஒன்று. அவ்வுறுதி பனிக்கட்டியின் முன் பயன்படவில்லை. சென்றவருள் 129 பேர் மாண்டனர்.

1854இல் ஜோன் றே என்னும் வைத்தியர் ஆட்டிக்குப் பிரதேசத்து இனுயிட் மக்களிடமிருந்து வெள்ளிக் கரண்டிகளையும், முள்ளுக்கரண்டிகளையும், பிராங்கிளினின் விருதுச் சின்னத்தையும் பெற்றார். அவற்றோடு ஒரு செய்தியையும் பெற்றார். வெள்ளையர் ஏறக்குறைய நாற்பதின்மர் தெற்கு நோக்கி நடந்து பசியால் மடிந்தனர் என்பதும், இறுதியில் மனித ஊனை உண்டனர் என்பதுமே அச்செய்தி. கூறியோர் நேரிற் கண்டாரல்லர், கண்டார்வாய்க் கேட்டோர். பிரித்தானியர் கரண்டியை ஏற்றனர், சொல்லைத் தள்ளினர். நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கின்சு தாம் நடத்திய சஞ்சிகையில் இனுயிட் மக்களையே பழித்தெழுதினார். கிரீன்விச்சில் அவ்வெச்சங்கள் வீரச் சின்னங்களாகக் காட்சியளித்தன. 1866இல் இலண்டனில் எழுந்த சிலையோ, வடமேற்கு வழியைக் கண்டுமுடித்த பெருமையைப் பிராங்கிளின் குழுவினர்க்கே சூட்டிற்று.

1859இற் கிடைத்த கடிதம் ஒன்றே கடற்படையினர் தம் கையால் எழுதிவைத்துச் சென்ற முதன்மைச் சான்று. பிராங்கிளின் 1847 யூன் 11இல் இறந்தார் எனவும், கப்பல்கள் 1848 ஏப்பிரில் 22இற் கைவிடப்பட்டன எனவும், 105 பேர் எஞ்சினர் எனவும் அது கூறும். காட்சிகளின் நடுவிடத்தை அது பெற்றது வியப்பன்று. எழுத்தென்றால் நமக்கும் மயக்கமுண்டு. எழுதப்படாதது கதையென்று வகுப்பறையில் நாமே எத்தனை முறை சொல்லியிருக்கின்றோம்! ஆயின் அக்கடிதத்திலேயே பீச்சித் தீவிற் குளிர்காலத்தைக் கழித்த ஆண்டு பிழையாக எழுதப்பட்டிருக்கின்றது. மேலும் அது 1848 ஏப்பிரில் 25உடன் நின்றுவிடுகின்றது. அதன்பின் நிகழ்ந்தவற்றை உரைக்க இனுயிட் மக்களன்றி வேறு சாட்சியாரிலர்.

அச்சாட்சியத்தை 1860களிற் சாள்ஸ் ஹோல் என்னும் அமெரிக்கர் திரட்டினார். துக்குலித்தோ என்னும் இனுயிட் பெண் மொழிபெயர்த்தாள். தெற்கே ஒரு கப்பலினுள் மக்கள் புகுந்ததும், அங்கே பருத்த உடலினன் ஒருவன் இறந்துகிடந்ததும், பின்னர் அக்கப்பல் மூழ்கியதும் அதிற் கூறப்பட்டன. 2014இல் அத்தென்பாற் கடலிலேயே எரெபசு கண்டெடுக்கப்பட்டது. தெரர் 2016இல் ஓர் இனுயிட் வேட்டைக்காரர் தந்த தகவலினாற் கண்டறியப்பட்டது. இறந்தோர் எலும்புகளிற் காணப்பட்ட வெட்டுத் தழும்புகள் பற்றிய ஆய்வு 1997இல் வெளிவந்து, றே கேட்ட செய்தியை உறுதிசெய்தது. 143 ஆண்டுகள் ஓர் இனத்தார் பொய்யர் என்னும் பழியைச் சுமந்தனர்.

இதனால் வாய்மொழி முழுவதும் பிழையற்றதென்று கொள்ளற்க. ‘அக்லூக்கா’ என்னும் ஒரே பெயரால் இனுயிட் மக்கள் வெள்ளையர் பலரை அழைத்தனர். எந்த நிகழ்ச்சி எவருக்குரியதென்று பிரித்தறிதல் அரிது. கடிதத்தை ஆராய்வது போலவே சொல்லையும் ஆராய்தல் வேண்டும். ஆராய்தல் வேறு, அவமதித்தல் வேறு. 2017இற் கிரீன்விச்சிலும் 2018இற் கனடாவிலும் நடைபெற்ற காட்சி இனுயிட் சாட்சியத்துக்கு இடமளித்தது. சொன்னவர் பெயரையும் மொழிபெயர்த்தவர் பெயரையும் அதிகாரிகளின் பெயர்க்கு ஒப்ப எழுதுதல் இத்தகைய காட்சிகளுக்கு இன்றியமையாததென்பது என் கருத்து.

இனித் தீராத சிக்கல் ஒன்றுண்டு. கப்பலின் உலோகத்தை இனுயிட் மக்கள் அடித்துக் கத்தியாக்கினர். கடற்படைப் பேழையில் வைத்தால் அது சிதைந்த எச்சம். இனுயிட் கருவிகளோடு வைத்தால் அது நல்ல கத்தி. பிரித்தானியா 2018இற் கப்பற் சிதைவுகளைக் கனடாவுக்கு அளித்தது. அவற்றினின்றும் எடுக்கப்படும் பொருள்களில் இனுயிட் மரபுரிமை நிறுவனத்துக்கும் பங்குரிமை உண்டு. கிரீன்விச்சுப் பேழைகளை நெடுங்காலத்துக்கு முன்னரே அடைந்த கரண்டிகளோ அவ்வேற்பாட்டினுள் அடங்கா.