வரைகலை அட்டையும் வெப்பத் தணிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் ஆற்றலின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாற்றலோடு உடன்பிறந்த வெப்பத்தை மனிதன் எவ்வாறு அகற்றினான் என்பது அத்துணை கவனத்தைப் பெறவில்லை. கணினித் திரையிற் காட்சிகளைத் தீட்டும் வரைகலை அட்டையைப் பொறுத்தவரை, இவ்விரண்டாவது வரலாறே அதன் வளர்ச்சிக்கு எல்லை வகுத்தது எனலாம். கச்சான் காற்று அனலாய் வீசும் தம்பலகாமத்திலிருந்து நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் தெளிவாகின்றது.

குளிர்வித்தல் என்பது குளிரை உண்டாக்குவதன்று. வெப்பத்தை ஓரிடத்தினின்று பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்வதேயாகும். கணினி உட்கொள்ளும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. 1946 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அறிமுகஞ் செய்யப்பட்ட எனியாக் கணினி, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களுடன் 150 கிலோஉவாற்று மின்சக்தியை உட்கொண்டது. பெரிய காற்றூதிகள் அதன் வெப்பத்தை வெளியேற்றின. 1985 இல் வெளிவந்த கிரே-2 கணினியிலோ சுற்றுகள் மின்கடத்தாத் திரவத்தில் முற்றாக அமிழ்த்தப்பட்டன.

வரைகலை அட்டையின் தொடக்கம் இத்தகைய இடர்ப்பாடின்றியே அமைந்தது. 1996 இல் வெளிவந்த வூடூ அட்டைகளிற் பெரும்பாலானவற்றுக்கு விசிறியுமில்லை, வெப்பமகற்றும் உலோகச் செட்டைகளுமில்லை. 1999 இல் வந்த ஜீபோர்ஸ் 256 அட்டையில் சிறு விசிறி இடம்பெற்றது. 2003 இல் வந்த ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5800 அல்ட்ராவின் குளிர்விப்பானோ ஈரட்டைகளின் இடத்தைக் கொண்டதுடன், எழுப்பிய பேரிரைச்சலால் நகைப்புக்குமுள்ளானது. அதனை ஆக்கிய என்விடியா நிறுவனமே அதனை எள்ளி ஒரு படம் தயாரித்தது.

இம்மாற்றத்துக்குக் காரணம் யாது? திரான்சிற்றர் சிறுத்தாலும் ஒரே பரப்பில் வெளிப்படும் வெப்பம் கூடாதென 1974 இல் றொபேட் டெனாட்டும் அவர்தம் குழுவினரும் காட்டியிருந்தனர். மின்னொழுக்கு மிகுந்தமையால் 2005 ஆம் ஆண்டளவில் அவ்விதி தளர்ந்தது. 2008 இல், மடிக்கணினிகளிற் பழுதுற்ற தன் சில்லுகளுக்கு ஈடுசெய்ய 15 கோடி முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. சில்லின் பொதியிற் பயன்பட்ட பொருள், சூடேறியும் ஆறியும் வந்த மாற்றங்களைத் தாங்காமையே அப்பழுதோடு தொடர்புபடுத்திக் கூறப்பட்டது. 2022 இல் வந்த ஆர்.ரி.எக்ஸ். 4090 அட்டை 450 உவாற்றையும், 2025 இல் வந்த 5090 அட்டை 575 உவாற்றையும் வேண்டின.

இன்றைய அட்டைகளைக் காப்பவற்றுள் முதன்மையானது வெப்பக்குழாய். 1963 இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குறோவர் உருவாக்கிய இக்கருவியில், சூடான முனையில் திரவம் ஆவியாகி, குளிர்ந்த முனையில் ஒடுங்கி, நுண்டுளைகள் வழியே மீளுகின்றது. ஆவியாகும் திரவம் மறைவெப்பத்தைக் கவரும் இவ்வியல்பை எம் முன்னோர் அறியாதவரல்லர். தம்பலகாமத்து வீடுகளின் மண்குடத்து நீர் ஈரமான மாரியைவிட வறண்ட கச்சான் காலத்திலேயே நன்கு குளிர்வது இதனாலேயே. வெப்பக்குழாயை மூடிவைக்கப்பட்ட மண்குடம் எனக் கூறினும் மிகையாகாது.

எனினும் எவ்வழியிற் சென்றாலும் வெப்பம் ஈற்றில் அறைக்காற்றையே அடைகின்றது. 90 பாகை செல்சியசை எல்லையாகக் கொண்ட சில்லுக்கு, 20 பாகைக் காற்றில் 70 பாகை வேறுபாடு கிட்டும். 35 பாகைக் காற்றில் 55 பாகையே எஞ்சும். அதே குளிர்விப்பான் அகற்றவல்ல வெப்பம் ஐந்திலொரு பங்களவு குறைந்துவிடுகின்றது. உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில், வைகாசி நண்பகலில் எம் வீட்டுக் கணினி நின்றுபோவதும், பக்கத்தகட்டைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பியபின் மீண்டும் இயங்குவதும் யான் கண்டவை. பழுதென அன்று எண்ணியது உண்மையில் காலநிலையின் கணக்கேயாகும்.

2024 இல் என்விடியா அறிவித்த, 72 சில்லுகள் கொண்ட ஓர் அலுமாரியளவான தொகுதி ஏறத்தாழ 120 கிலோஉவாற்றை உட்கொள்கின்றது. அன்று ஒரு மண்டபத்தை நிரப்பிய எனியாக்கின் வெப்பத்துக்கு அது அணித்தானது. அதனைக் காற்றால் மட்டும் தணித்தல் அரிதாதலின் திரவம் சுற்றியோடுகின்றது. இத்தகைய தரவு நிலையங்கள் பலவற்றில் இறுதி வெப்பத்தை வெளியேற்ற நன்னீர் ஆவியாக்கப்படுகின்றது.

கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் விதைக்கும் ஊருக்கு நீரின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாளை இத்தகையதொரு நிலையம் எம் மாவட்டத்தை நாடி வருமாயின், அதன் வேகத்தை வினவுமுன் அதன் வெப்பத்தை ஏற்கப்போவது காற்றா, திருகோணமலைக் கடலா, வயலுக்குரிய நீரா என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பும் அறிவை எமக்கு வழங்குவதே இவ்வரலாற்றின் பயன்.