உறக்கம் கெட்டவர்களின் வரலாறு

அணுபுரம் குடியிருப்பில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தது. அவருடைய தம்பி விடிய விடிய வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். தோழர்களோடு கொடைக்கானல் போய்க் காளான் தின்றுவிட்டு வந்தவனுக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் சுவர் அசைகிறது என்றான். 'மந்திரிச்சுக் கயிறு கட்டுனா சரியாப் போயிடும்' என்று அம்மா சொன்னார். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். காளான் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் போலீசுக்குப் போய்விடும் என்ற பயம்.

பேய், நோய், குற்றம். ஒருவனின் தூக்கமின்மைக்கு ஒரே வீட்டுக்குள் மூன்று பெயர்கள். இவை மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அதிகாரங்களால் நம்மிடம் வந்து சேர்ந்தவை.

முதலில் ஊமத்தை. செங்கல்பட்டுச் சாலையோரங்களில் யாரும் விதைக்காமலே வளர்கிற செடி. 'உன்மத்தம்' என்ற சொல்லின் திரிபே ஊமத்தம். செடிக்கும் பித்துக்கும் மொழி ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறது. தேவாரத்துச் சிவன் சடையில் மத்தமலர் சூடுகிறான். சுந்தரர் அவனைப் பித்தன் என்றே அழைக்கிறார். கஞ்சாவுக்குச் சித்த மருத்துவ மரபில் கோரக்கர் மூலி என்றொரு பெயர் உண்டு. ஆக, நிலை தவறுதலுக்கு இங்கே ஒரு புனித இடம் இருந்தது. ஆனால் அதைக் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட முடியாது. கடவுளின் பித்துக்குப் பதிகம் கிடைத்தது, மனிதனின் பித்துக்குச் சங்கிலிதான் கிடைத்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்துபோனார்கள். மரபு என்று நாம் பெருமையாகச் சொல்வதன் மறுபக்கம் இது.

இதே ஊமத்தை 1802இல் கப்பலேறியது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இதைப் புகைத்தால் இழுப்பு தணியும் என்று ஜெனரல் ஜென்ட்டுக்குச் சொல்ல, அவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பின்னாளில் ஐரோப்பியக் கடைகளில் ஆஸ்துமா சிகரெட்டுகள் விற்றன. அதன் அட்ரோபினிலிருந்து வளர்ந்த மருந்துகள்தாம் இன்றைய இன்ஹேலர்கள் சிலவற்றில் இருக்கின்றன. அதே செடிதான், அளவு மீறினால், நரம்புகளின் அசிடைல்கோலினைத் தடுத்து ஆளை நாள்கணக்கில் உறங்கவிடாமல் இல்லாதவர்களோடு பேசவைக்கிறது. பிறகு அவனுக்கு ஒன்றும் நினைவிருப்பதில்லை. மூச்சுக்கு உதவிய பாதியைக் காலனியம் மருந்துக் கடைக்கு எடுத்துக்கொண்டது. உறக்கத்தைக் கெடுத்த பாதியை? நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட சட்ட மருத்துவ நூலில் ஊமத்தை வழிப்பறிக்காரர்களின் விஷமாக வருகிறது. ஒரே செடி லண்டனில் மருந்து, இந்தியச் சாலையில் குற்றம்!

கஞ்சாவின் கதை இன்னும் நுட்பமானது. சென்னையில் 1794இல் கானலி என்ற மருத்துவர் தொடங்கிய பைத்தியக்கார விடுதியின் தொடர்ச்சிதான் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறந்த மனநோய் விடுதி. இத்தகைய விடுதிகளின் பதிவேடுகளில் 'பைத்தியத்துக்குக் காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. கட்டம் இருந்தால் நிரப்பத்தானே வேண்டும்? ஆளைப் பிடித்து வந்த போலீஸ் 'கஞ்சா' என்று எழுதியது. விடுதி அதை அப்படியே நகலெடுத்தது. ஆண்டறிக்கையில் அது புள்ளிவிவரமானது.

பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியை ஒட்டி 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு, இந்தக் கட்டத்தைத் திருப்பிப் படித்தது. 1892இல் இந்திய மனநோய் விடுதிகளில் சேர்ந்த 1,344 பேரில் 222 பேருக்குக் கஞ்சாதான் காரணம் என்று பதிவாகியிருந்தது. ஒவ்வொன்றாக விசாரித்தபோது குழு ஏற்றுக்கொண்டது 98ஐ மட்டும்தான். அதிலும் ஒரு பகுதிக்கு வேறு காரணங்களும் கலந்திருந்தன. மனம் கலங்கியவர்கள் ஆறுதலுக்காகக் கஞ்சாவைத் தேடினார்களா என்பதும் குழு சாட்சிகளிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று. கஞ்சாவால் தூக்கம் கெட்டதா, தூக்கம் வராததால் கஞ்சா பிடித்தானா? ஃபூக்கோ வராமலே, ஒரு காலனிய ஆவணம் தன் அறிவின் அஸ்திவாரத்தைத் தானே தோண்டிப் பார்த்த அபூர்வமான இடம் இது. ஆனால் பைத்தியக்காரன் கையில் கஞ்சா என்ற படிமம் அழியவில்லை.

1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. காளானில் உள்ள சைலோசிபினும் அதன் பட்டியலில் இருக்கிறது. இன்று உலகச் சந்தையில் இதே பொருள்களுக்கு 'தாவர மருந்து' என்று புதுப்பெயர். வசதியுள்ளவர் கட்டணம் கட்டி, வழிகாட்டி ஒருவர் அருகில் இருக்க, அதை ஓர் 'அனுபவம்' என்கிறார். அவருக்குத் தூக்கம் போனால் கேட்க ஆளிருக்கிறது. மீனவக் குப்பத்துப் பையனிடம் ஒரு பொட்டலம் அகப்பட்டால் அவனுக்கு லாக்கப்.

உடலுக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. சைலோசிபின் மூளையின் செரோடோனின் ஏற்பிகளைத் தூண்டும்போது அன்றிரவு கனவுத் தூக்கம் தள்ளிப்போகிறது. பெரும்பாலோருக்குச் சில நாளில் சரியாகிவிடும். சிலருக்கு 'இன்னைக்கும் வராதோ' என்ற பயமே தூக்கத்தைத் தின்கிறது. மிகச் சிலருக்குக் காட்சிகள் நீடிக்கின்றன, உள்ளே கிடந்த மனநோய் கிளர்வதும் உண்டு. கஞ்சாவில் இது தலைகீழ்: தினம் பிடித்தவர் விட்டதும் தூக்கம் கெட்டுக் கொடுங்கனவுகள் வரும். எது எது என்று டாக்டர் பிரித்தறிய வேண்டுமானால், என்ன தின்றோம் என்று அவரிடம் சொல்ல முடிய வேண்டும். அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமே சிகிச்சைக்கு வந்தால் சிறு அளவுக் குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. தண்டனைப் பிரிவுகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கின்றன. இந்தப் பிரிவை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்? ஒரே ஒருமுறை காளான் தின்று பயந்துபோனவன் 'அடிமை' என்ற சொல்லுக்குள்ளும் வரமாட்டான். அவனுக்கு அந்தச் சட்டத்தில் கதவே இல்லை.

அணுபுரத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் மாமல்லபுரம். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் ஒரு சுவரில் துர்க்கை போர் புரிகிறாள். எதிர்ச்சுவரில் திருமால் உறங்குகிறான், அவன் காலடியில் மதுவும் கைடபனும் கதையோடு நிற்கிறார்கள். புராணத்தில் அந்த உறக்கமே ஒரு தேவி. பிரம்மன் வேண்டிக்கொண்டதும் திருமாலின் கண்களை விட்டு இறங்கிப் போகிறாள். விழித்தவன் போருக்கு எழுகிறான். கடவுளின் விழிப்புக்கு ஒரு காரணமும் ஒரு முடிவும் இருக்கின்றன.

நண்பரின் தம்பியை மறுபடி டாக்டரிடம் அழைத்துப்போனோம். இந்தமுறை காளானைப் பற்றிச் சொன்னான். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு முதல் கேள்வியாகக் கேட்டார்: 'இதை ஏன்பா அப்பவே சொல்லல?' தம்பி எங்களைப் பார்த்தான். அந்தக் கேள்வி அவனைக் கேட்டதாக எனக்குப் படவில்லை.